‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

2019 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், ஐந்து மாத வயிற்றோடு முதலாளியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதினேன். யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. “இந்த நேரத்துல அலையாதம்மா. குழந்தை பொறந்து ஒரு வருஷம் கழிச்சு வா, உன் சீட் அப்படியே இருக்கும்” என்றார். என்ன காரணம் போடுவது சார் என்று கேட்டேன். “சொந்தக் காரணம்னு போட்டுடு, எல்லாரும் போடுறதுதான்” என்று தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது அரைக் கிலோ மைசூர்பாகு. வீட்டுக்கு வந்து டப்பாவை அத்தையிடம் நீட்டி, “ரொம்ப நல்ல மனுஷங்க அத்தை” என்று சொன்னதும் நான்தான்.

அந்த மைசூர்பாகு எனக்கு என்ன விலைக்கு வந்தது என்று தெரிய ஐந்து வருடம் ஆயிற்று. ஏறக்குறைய 1,44,000 ரூபாய்.

நான் கணக்கு எழுதுகிறவள். பி.காம் முடித்து ஆறு வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டபோது இரவு ஒன்பது, பத்து மணி வரை உட்கார்ந்து பழகிக்கொண்டவள். அடுத்தவர் பணத்தைப் பைசா சுத்தமாகப் பார்த்தேன், என் பணத்தைப் பார்க்கத் தெரியவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே மகப்பேறு விடுப்பு உரிமை. 2017-இல் திருத்திய பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. எங்கள் அலுவலகத்தில் 18 பேர். என் சம்பளம் 24,000. ஆறு மாதத்துக்கு என்ன வருகிறது என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி என்னை அவர் வேலையைவிட்டு நீக்கியிருந்தால் அது சட்டப்படி தப்பு. அந்தச் சிரமத்தை அவருக்கு வைக்காமல் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது கர்ப்பமாக இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, ராஜினாமா எழுதாதீர்கள். இந்தத் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பில் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அதையே மெயிலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் மகப்பேறு காலத்துப் பணத்தை ஈஎஸ்ஐ தந்துவிடும். அதற்கு மேல் என்றால் முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டும். எனக்கு நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருபது பேர் வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு ஒரு பெண்ணின் ஆறு மாதச் சம்பளம் பெரிய தொகைதான், நான் மறுக்கவில்லை. அவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஒன்று, மைசூர்பாகு கொடுத்து அனுப்புவார்கள். இல்லையென்றால் நேர்காணலிலேயே வடிகட்டிவிடுவார்கள். இரண்டாவது வகையை நான் 2024-இல் பார்த்தேன்.

ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்றிருந்தபோது ஊரடங்கு வந்தது. அந்த அலுவலகமே பாதி ஆளோடு ஓடியது. சீட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பையன் ஒன்றாம் வகுப்பு போன 2024 ஜூனில்தான் வேலை தேடத் தொடங்கினேன். ஐந்து வருட இடைவெளியில் என் தொழில் எனக்குத் தெரியாமல் எங்கேயோ போயிருந்தது. கணக்கு எழுதும் மென்பொருள் நான் விட்டபோது டேலி ஈஆர்பி 9, இப்போது டேலி பிரைம். விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி என்று ஒரு ஜிஎஸ்டி அறிக்கை புதிதாக வந்திருந்தது. ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் என்றால் இ-இன்வாய்ஸ் கட்டாயம். வில்லிவாக்கத்திலேயே ஒரு வகுப்பில் 8,000 கட்டி இரண்டு மாதம் படித்தேன். உண்மையில் அதைவிட உதவியது, தம்பியின் ஹார்டுவேர் கடைக்கு நாலு மாதம் நானே ரிட்டர்ன் போட்டது. அதைப் பயோடேட்டாவில் எழுத முடிந்தது, கேட்டால் காட்டவும் முடிந்தது. முதலில் ஒரு நண்பி சொன்னாள் என்று இடைவெளியை மறைக்க ‘பகுதிநேரக் கணக்கு ஆலோசகர்’ என்று எழுதியிருந்தேன். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் “எந்த க்ளையன்ட்?” என்று கேட்டதும் வாய் உலர்ந்துவிட்டது. பொய் தேவையே இல்லை. ‘2019 முதல் 2024 வரை குழந்தை வளர்ப்பு’ என்று ஒரே வரி போட்டபின் எனக்கே நிம்மதியாக இருந்தது.

எட்டு மாதத்தில் 14 நேர்காணல். கிண்டி, அம்பத்தூர், பெருங்குடி, அண்ணா சாலை என்று நகரத்தையே சுற்றினேன். பெண்களுக்கு இலவச பஸ் இருக்கிறதே என்பார்கள். பத்து மணி நேர்காணலுக்கு அந்த பஸ்ஸை நம்பி நின்றால் பதினொன்றுக்குத்தான் போய்ச் சேருவோம், அதனால் ஆட்டோதான். 14-இல் 11 இடத்தில் குழந்தையைப் பற்றிக் கேட்டார்கள். வரிசைகூட ஒன்றுதான்: ஹஸ்பண்ட் என்ன பண்றார், குழந்தை எத்தனை, யார் பார்த்துக்குவாங்க, இன்னொன்னு பிளான் இருக்கா.

கிண்டியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரத் தேர்வு. கொள்முதல் பதிவேடு ஒன்று, 2பி ஒன்று, இரண்டையும் ஒத்துப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்புட் கிரெடிட்டில், அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதில், 62,000 ரூபாய் வித்தியாசம் காட்டியது. வரிவரியாகப் போனேன். ஒரு பில்லின் எண்ணை, விற்றவர் ‘045/24-25’ என்று ஏற்றியிருந்தார், இங்கே பதிவு போட்டவர் ‘45/24-25’ என்று போட்டிருந்தார். ஒரு பூஜ்யம்தான். நாற்பது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, “காலையில வந்த ரெண்டு பசங்களும் இதைக் கண்டுபிடிக்கல மேடம்” என்றார். மனசுக்குள் சம்பளமே வாங்கிவிட்டேன். அடுத்து, “பையன் எந்த ஸ்கூல்?” என்று ஆரம்பித்தார். “அவனுக்கு ஜுரம் வந்தா லீவு போடுவீங்கல்ல? இருபதாம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடணும், அன்னிக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?” அத்தை இருக்கிறார்கள் என்றேன். “அவங்களுக்கு என்ன வயசு?” என்றார். என் மாமியாரின் வயதைக் கேட்டு என் வேலையை முடிவு செய்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது அந்த இரண்டு ‘பசங்களும்’ இன்னும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயது நாற்பது இருக்கும். உங்களிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்களா என்று அவரைக் கேட்டேன். “இல்லையே, ஏங்க?” என்றார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகளாம்.

கத்திப்பாரா பக்கம் ஆட்டோவில் அழுதேன். அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

இந்தக் கேள்விக்கு நான் பின்னால் கண்டுபிடித்த பதில்: “இந்த வேலைக்கு எத்தனை மணி வரை இருக்கணும் சார், மாசக் கடைசியில எவ்வளவு நேரம் ஆகும்?” அவர் சொன்னதும், “அதுவரைக்கும் இருப்பேன் சார்.” அவ்வளவுதான். அத்தையின் வயது, பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூட வேன் எதையும் வரிசைப்படுத்தாதீர்கள். நாம் விளக்க விளக்க அவர்களுக்கு ஓட்டைகள்தான் தெரியும்.

நடுவில் ஒரு கன்சல்டன்சியில் ஏமாந்தேன். பதிவுக்கு 3,500, ‘வேலை உறுதி’க்கு 8,000. திருமணமான பெண்களுக்கென்றே தனியாகக் கம்பெனிகள் கைவசம் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் போன் அணைந்தது. ஒழுங்கான ஆள் எடுப்பு நிறுவனம் தன் கட்டணத்தைக் கம்பெனியிடம் வாங்கும், வேலை தேடுகிறவரிடம் வாங்காது. இது தெரிந்திருந்தால் 11,500 மிச்சம். இன்னொரு இடத்தில் பட்டச் சான்றிதழின் அசலை இரண்டு வருடம் அவர்களிடம் கொடுத்துவைக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்தது, எழுந்து வந்துவிட்டேன். வேறொரு விண்ணப்பத்தில் ‘சமூகம்’ என்று ஒரு கட்டம். தனியார் அலுவலகத்தில் லெட்ஜர் எழுத அது எதற்கு? காலியாக விட்டேன். வரவேற்பறைப் பெண் நிரப்பச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள், கோடு போட்டுக் கொடுத்தேன். ஆட்டோ, ரயில், ஜெராக்ஸ் எல்லாமாக 9,000. பையனைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் 2,500 வீதம் 15,000. வகுப்பையும் சேர்த்தால் மொத்தம் 43,500. வருமானமே இல்லாத வீட்டாளுக்கு இது கணவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய பணம், அந்த வலி தனி.

நான் தேடத் தொடங்கிய அதே ஜூன் மாதத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதில் 1976-ஆம் வருடத்து சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சொல்லியிருந்தார்கள்: ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. அப்படி ஒரு சட்டம் இருப்பதே அந்தச் செய்தியில்தான் எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம்! கிண்டிக்குப் பிறகு அந்தச் செய்தியைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். இலவச சட்ட உதவிக்குப் போனேன். பெண் என்றால் வருமானச் சான்று எதுவும் கேட்காமலே அந்த உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அங்கே இருந்த வக்கீலம்மா என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். முதலில் 2019 கடிதம். “ராஜினாமா உங்க கையெழுத்துல, சொந்தக் காரணம்னு இருக்கும்மா. நான் என்னன்னு வாதாடுறது?” அடுத்து நேர்காணல்கள். “அரசியலமைப்புல 16-ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார்ல இந்தச் சட்டம் இருக்கு, ஆனா அவங்க கேட்டாங்கன்னு எதை வச்சுக் காட்டுவீங்க? மெயில் இருக்கா, மெசேஜ் இருக்கா?” எதுவும் இல்லை. அதுவரை கேட்டதெல்லாம் காற்றோடு போயிருந்தது. எனக்கு எதிராக இருந்த ஒரே காகிதம் மட்டும் பத்திரமாக இருந்தது, அதுவும் என் எழுத்தில்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நேர்காணல் முடிந்து ரயில் ஏறியதும் போனிலேயே மெயில் எழுதிவிடுவேன். சண்டை தொனியே இருக்காது. ‘இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கொள்முதல் சரிபார்ப்புத் தேர்வை முடித்துக் கொடுத்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார், அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் என்ன என்று கேட்டீர்கள். வேலை நேரம் முழுக்க இருக்க எனக்குத் தடையில்லை என்று தெரிவித்தேன். முடிவைத் தெரிவிக்கவும்.’ ஐந்து வரி. பெருங்குடியில் ஒரு கம்பெனியிலிருந்து மறுநாளே ஹெச்ஆர் பெண் கூப்பிட்டார். வேலைக்கென்று நினைத்து ஓடி எடுத்தேன். “மேடம், அந்த மூணாவது வரியை மட்டும் எடுத்துட்டு மறுபடி அனுப்ப முடியுமா?” என்றார். ஏன் என்றேன். “இல்ல, ஃபைல்ல போகும், அதான்.” கேட்டது உண்மைதானே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “சும்மா ஃப்ரெண்ட்லியா கேட்டது மேடம்” என்று வைத்துவிட்டார். நான் வரியை எடுக்கவில்லை. வேலையும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மெயில் எழுதினால் வேலை கிடைக்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு வரிக்கு அவ்வளவு பயம் என்றால் அந்த வரிக்கு எடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் முதல்முறையாக முதுகு நிமிர்ந்தது.

2025 ஜனவரியில் வேலை கிடைத்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். வால்வு பாகங்கள் செய்கிற இடம், 40 பேர். வந்த ஆறு பேருக்கும் ஒரே தாள், ஒரே நேரம். பெரியவர் ஒருவர் திருத்தினார், மார்க்கைச் சத்தமாகப் படித்தார், “நீங்கதாம்மா முதல். எப்ப வர்றீங்க?” என்றார். குழந்தை உண்டா என்றே கேட்கவில்லை. அது பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அதற்கு முந்தின மாதம் ஜிஎஸ்டியில் அபராதம் கட்டியிருந்தார், கணக்குத் தெரிந்த ஆள் அவசரமாக வேண்டும், அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அதுவே போதும். சம்பளம் 26,000.

மார்ச்சில் விற்பனைப் பக்கக் கணக்குக்கு ஒரு தம்பி சேர்ந்தான். எனக்கு மூன்று வருடம் இளையவன், அனுபவமும் இரண்டு வருடம் குறைவு. நல்ல பையன். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை டேலியில் ஏற்றுவது என் வேலை. என் கையாலேயே அவன் பெயருக்கு நேரே 31,000 என்று அடித்தேன். விரல் நின்றுவிட்டது. அந்தப் பட்டியலைக் காட்டிச் சண்டை போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அது பெரிய தப்பாகியிருக்கும். வேலைக்காக என் கண்ணில் படுகிற ரகசியத்தை எனக்காக எடுத்தால், பேச்சு சம்பளத்தைவிட்டு என் நாணயத்தின் மேல் திரும்பிவிடும். டீக்கடையில் அவனிடமே நேராகக் கேட்டேன், “தம்பி, தப்பா நினைக்காத, உனக்கு எவ்வளவு பேசினாங்க?” கூச்சப்படாமல் சொன்னான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பளத்தைச் சொல்லத் தயங்குவதில்லை, நம் தலைமுறைதான் மூடி மூடி வைத்து ஏமாந்தோம்.

பெரியவரிடம் போனேன். “அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும்லம்மா. உனக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மறுபடி எழுத உட்கார்ந்தேன். வக்கீலம்மாவுக்குப் போன் செய்தபோது அப்போதிருந்த சட்டம் எதைப் பார்த்தது என்று சொன்னார்: திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல். இந்த நாலும் ஒத்துப்போனால் அது ஒரே மாதிரி வேலை, பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும். ஒரு பக்கத்தை இரண்டாகக் கோடு கிழித்து, நான் செய்வது இடப்பக்கம், விற்பனைக் கணக்கு வலப்பக்கம் என்று நிரப்பினேன். மாதம் எத்தனை பில், யார் டிடிஎஸ் பார்ப்பது, ஆடிட்டருக்குப் பதில் சொல்வது யார் எல்லாம். என் பக்கம்தான் நீளமாக இருந்தது. கீழே, சம்பளத்தைச் சமப்படுத்தக் கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி. சட்டப் பிரிவு எண்ணைப் போடவில்லை, போட்டால் பெரியவர் ஆடிட்டரையும் வக்கீலையும் கூப்பிடுவார், என்னைக் கூப்பிட மாட்டார். மூன்று வாரம் பேச்சில்லை. அந்த மூன்று வாரமும் வேலை போய்விடும் என்றே நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஜூன் சம்பளத்தில் 29,500 வந்தது. பழைய மாதங்களுக்கு எதுவும் இல்லை. இன்னும் 1,500 பாக்கி இருக்கிறது, மறந்துவிடவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆள் எடுப்பிலும் சம்பளத்திலும் பாகுபாடு கூடாது என்பது ஊதியத் தொகுப்பில் 3-ஆம் பிரிவாக வந்திருக்கிறது, 26 வாரமும் அப்படியே இருக்கிறது. பணி நியமனக் கடிதம் எல்லோருக்கும் தர வேண்டும் என்பதும் சேர்ந்திருக்கிறது. வாய்ப்பேச்சில் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

போன மாதம் உதவிக்கு ஒரு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத் தாளைப் பெரியவர் என்னையே தயாரிக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, “கல்யாணம் ஆச்சான்னு ஒரு கட்டம் வேணாமா?” என்றார். “சேர்ந்தப்புறம் பிஎஃப் படிவத்துல எப்படியும் கேட்பாங்க சார், அப்ப தெரிஞ்சுக்கலாம்” என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முதலில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. இருபதாம் தேதி 3பி, மாதக் கடைசி, தனியாளாக நான் படும் பாடு எல்லாம் கண் முன்னால் ஓடியது. அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அப்புறம் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள் என்று சொன்னேன்.